மணியின் தலையாட்டம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் கடம்பத்தூரையும் செஞ்சிப் பனம்பாக்கத்தையும் கடந்தால் அடுத்து வருவது மணவூர். அதற்கும் அடுத்த நிலையம் திருவாலங்காடு. அம்பலவாணர் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபையைத் தரிசிக்கச் செல்வோரும், திருத்தணிகை முருகனை நாடிக் காவடியுடன் செல்வோரும் பெரும்பாலும் மணவூரில் இறங்குவதில்லை. ஆயினும் ஊர் பழையது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் மணவிற் கோட்டம் ஒன்று. முதற் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் பணியாற்றித் தில்லைக் கோயிலில் பெருந்திருப்பணிகள் செய்த நரலோக வீரனை மணவிற் கூத்தன் என்றே கல்வெட்டுகள் அழைக்கின்றன. அந்த மணவில் இன்றைய மணவூரே என்பர்.

இப்பொழுது அது நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் ஒரு சிற்றூர். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் சில வீடுகளில் தமிழும் சில வீடுகளில் தெலுங்கும் பேச்சுமொழி. அரக்கோணத்தில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவருடைய இல்லத்தரசியாரும் இங்கே வசிக்கின்றனர். அவர்களுடைய பெயர் இங்கு வேண்டியதில்லை. அவர்கள் வளர்க்கும் நாயின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். அதன் பெயர் மணி.

மணி அவர்கள் விரும்பி வாங்கிய நாய் அன்று. ஊரடங்குக் காலத்தில் சென்னையிலிருந்த மகன் தம் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கினார். அலுவலகமும் பள்ளியும் மீண்டும் திறந்தபோது அடுக்குமாடி வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. “ஆறு மாசம் மட்டும் வச்சிருங்கப்பா” என்று கொண்டுவந்து விட்டுச் சென்றார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் வாங்கிப் பெற்றோர் வளர்க்கும் நாய்கள் நாட்டில் இவ்வாறு பல உண்டு. பேரப்பிள்ளைகள் வைத்த ஆங்கிலப் பெயர் அம்மையாரின் வாயில் நுழையவில்லை. இரண்டாம் நாளே அது மணி ஆயிற்று.

அம்மையார் ஆசாரம் பார்ப்பவர். நாய் திண்ணையைத் தாண்டலாகாது என்பது முதல் வாரத்துச் சட்டம். ஒரு மழைநாளில் நடை வரைக்கும் அனுமதி கிடைத்தது. அந்தக் கோடையில் மின்விசிறியை முன்னிட்டுக் கூடத்துக்கும் கிடைத்தது. பூசையறை வாசற்படி மட்டும் எல்லையாக நின்றுவிட்டது. அந்த எல்லையை மணியும் ஒருநாளும் மீறியதில்லை. அம்மையார் விளக்கேற்றும் வேளையில் படிக்கு இப்பால் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளும்; கற்பூரம் காட்டி முடிந்ததும் எழுந்து போய்விடும்.

மணிக்கு இரண்டு வயது நிறைந்த ஆண்டில், ஒரு கார்த்திகை மாத மாலையில் அது நிகழ்ந்தது. விளக்கேற்றித் திரும்பிய அம்மையார், படியருகே படுத்திருந்த மணி இடமும் வலமுமாகத் தலையை அசைப்பதைக் கண்டார். ‘வேண்டாம், வேண்டாம்’ என்று யாருக்கோ மறுமொழி கூறுவது போல் இருந்தது. முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அசைவு நிற்கவில்லை. உடல் அசையவில்லை, கால்கள் அசையவில்லை. தலை மட்டும், ஊஞ்சலைப் போல் மெல்ல அல்லாமல், நடுங்குவது போல் விரைந்து ஆடிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அம்மையாரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என்னங்க, கொஞ்சம் இங்க வந்து பாருங்க” என்ற குரலிலேயே பெரியவருக்கு விபரீதம் தெரிந்துவிட்டது. அவர் வந்து “மணி!” என்று அழைத்தார். வால் ஆடியது, தலையும் ஆடிக்கொண்டேயிருந்தது. தன் தலை தன் வசத்தில் இல்லை என்பதை அறியாத பிராணி ஒன்று எசமானரைக் கண்டு மகிழ்ந்து வாலாட்டுவதைக் காண அவர்களால் பொறுக்கவில்லை. இரண்டு நிமிடங்கள் இருக்கலாம். பிறகு மணி எழுந்தது, உடம்பை உதறியது, தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி நடந்தது. ஒன்றுமே நடவாதது போல் இருந்தது.

மறுநாள் இல்லை. அதற்கு மறுநாள் மூன்று முறை. பத்து நாள் ஓய்வு. பின்னர் ஒரே நாளில் ஐந்து முறை. படுத்திருக்கும்போதே பெரும்பாலும் வந்தது. ஓடும்போதும் உண்ணும்போதும் வரவில்லை.

அண்டை வீட்டார் அறியாமல் இருக்குமா? காலையில் பால் கொண்டுவருபவர் கண்டார். தெருவெங்கும் செய்தி பரவிற்று. “வெறி பிடிச்சிருக்கு” என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் தம் பேரனைத் தெருவில் விளையாட விடாமல் நிறுத்திக்கொண்டார். அதுவரையில் “தா ரா மணி” என்று தெலுங்கில் கொஞ்சி மீந்த சோற்றை வைத்து வந்தவரும் அவரே. அரக்கோணத்துக்கு அப்பால் எங்காவது வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். அவ்வளவு தொலைவு எதற்கு, ஒரு தடி போதாதா என்று இளைஞர் ஒருவர் கேட்டதும் பெரியவரின் காதில் விழுந்தது. சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில், “உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிடுச்சின்னா? யார்கிட்டயாவது குடுத்துடுங்கப்பா” என்றார்.

இவர்களில் எவரையும் கொடியவர் என்று சொல்ல இயலாது. வெறிநோய் அத்தகைய நோய். அதன் குறிகள் தோன்றிய பிறகு மனிதரையோ நாயையோ காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம். நாய்க்கடியை அலட்சியம் செய்து பிள்ளையை இழந்த குடும்பம் ஒன்றையாவது ஒவ்வொரு வட்டாரமும் அறியும். ஆகவே அச்சம் நியாயமானது. ஆனால் அந்த நோய்க்கு ஒரு போக்கு உண்டு. குறிகள் தோன்றிய நாய் நாளுக்கு நாள் மோசமாகும், விழுங்க இயலாமல் எச்சில் வடிக்கும், குரல் மாறும், கால்கள் தள்ளாடும், பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துபோகும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வதும் இதனால்தான். வாரக்கணக்கில் நன்றாக உண்டு, உறங்கி, விளையாடி, இடையிடையே தலை மட்டும் ஆடும் நாய்க்கு வெறிநோய் என்பது பொருந்தாது. மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஊசி போட்ட புத்தகத்தைப் பெரியவர் பீரோவில் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களோடு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பேரனின் தாத்தா கண்ணாடி அணிந்து தேதிகளைப் படித்தார். “சரிங்க” என்றார். ஆனாலும் பையன் தெருவுக்கு வரவில்லை.

நாய் எதுவாயினும், ஊசி போட்டதோ போடாததோ, கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் காயத்துக்கு உரியவை அல்ல.

தேய்பிறை அட்டமி தவறாமல் பைரவர் சந்நிதியில் மிளகு தீபம் ஏற்றுவோர் நம்மில் எத்தனை பேர்! பெருமானின் பின்னே நிற்கும் வாகனத்துக்கும் சேர்த்தே தூபம் காட்டப்படுகிறது. சந்நிதியை விட்டு வெளியே வந்ததும், மதில் ஓரம் படுத்திருக்கும் அதே இனத்தை விரட்டக் குடையை ஓங்குகிறோம். அம்மையார் இதைத் தெருவாரிடம் சொல்லவில்லை. திருவாலங்காட்டுக்குப் போய்த் தனியே ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தார். மணியின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறும் ஏறியது.

பெரியவர் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு மணியை அழைத்துச் சென்றார். அங்கே மணி மிக நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது, தலை ஆடவேயில்லை. மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், காதுகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். “அடுத்த தடவை வரும்போது செல்போன்ல வீடியோ எடுத்து வையுங்க ஐயா. நீங்க நூறு வார்த்தை சொல்றதைவிட அது எனக்குப் போதும்” என்றார். ஆடும் நேரத்தில் பெயர் சொல்லி அழைத்தும், தின்பதற்கு ஏதேனும் நீட்டியும் பார்க்கச் சொன்னார். அவ்வாறு எடுத்த மூன்று படங்களுடன் ஒரு வாடகைக் காரில் சென்னை வேப்பேரிக்குப் பயணமானார்கள். 1903ஆம் ஆண்டு இருபது மாணவர்களுடன் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. மடியில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர், கூடையில் கோழியோடு ஒருவர், விலை உயர்ந்த நாயைக் குழந்தை போல் ஏந்திக்கொண்டு ஒருவர் என்று வரிசையில் நிற்கும் காட்சியே ஒரு தரிசனம்.

மருத்துவர் கேட்ட கேள்விகளைப் பெரியவர் பின்னாளில் விரல் விட்டு எண்ணிச் சொல்வதுண்டு. ஆடும்போது கூப்பிட்டால் தெரிகிறதா? கீழே விழுகிறதா? நுரை தள்ளுகிறதா? தன்னை அறியாமல் சிறுநீர் கழிக்கிறதா? உறக்கத்திலும் துடிப்பு இருக்கிறதா? சிறு வயதில் கடுங்காய்ச்சல் வந்து மூக்கிலும் கண்ணிலும் சளி ஒழுகியதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வி டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயைக் குறித்தது. தடுப்பூசி போடாத குட்டிகளை அது தாக்கும். பிழைத்த நாய்களுக்கும் சிலவேளை தாடையோ காலோ உறக்கத்திலும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். மணிக்கு அது இல்லை. அடுத்து, உண்ணிகளால் வரும் காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை குறைதல், சுண்ணாம்புச் சத்துக் குறைதல், இது குட்டி ஈன்று பாலூட்டும் நாய்களுக்கு வரும் பேராபத்து, கல்லீரல் கோளாறு. இவற்றுக்காக இரத்தம் எடுத்தார்கள்.

பிறகு ஒரு கேள்வி அம்மையாரைத் திடுக்கிடச் செய்தது. “வீட்டில் கற்பூரம் எங்கே வைப்பீர்கள் அம்மா?”

கற்பூரத்தை நாய் விழுங்கினால் நடுக்கமும் வலிப்பும் உண்டாகும். சிறு குழந்தைகளுக்கும் அவ்வாறே. துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையும் நஞ்சு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் எலிகளுக்கு வைக்கும் மருந்தும் அவ்வகையே. பூசணம் பிடித்த பழைய உணவும் சில நேரம் நடுக்கத்தைத் தரும். பூசைப் பொருள்களைப் படியருகே தரையில் வைத்துப் பழகிய வீடுகள் உண்டு. நல்லவேளை, இவ்வீட்டில் கற்பூர டப்பா மேல் மாடத்தில் இருந்தது. மற்றொரு செய்தியும் அன்று அம்மையாருக்குக் கிடைத்தது. நடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் அறியவேண்டியது. திராட்சை, உலர்ந்ததாயினும் பச்சையாயினும், நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியோடு திராட்சையும் இருக்கும். பிரசாதம்தானே என்று ஒரு உருண்டை உருட்டிப் போடுவது அன்பினால் செய்யும் செயலே. நாயின் சிறுநீரகம் அதை அறியாது.

சோதனைகள் எல்லாம் நல்லபடியாகவே வந்தன. படங்களை மீண்டும் மீண்டும் பார்த்த மருத்துவர், இதற்குப் பெயர் உண்டு, காரணம்தான் இன்னும் தெரியவில்லை என்றார். காரணம் அறியப்படாத தலை நடுக்கம் என்பதே அந்தப் பெயர். நோய்க்கும் பெயருக்கும் வேறுபாடே இல்லை! வெளிநாட்டில் இந்த நடுக்கம் கண்ட 291 நாய்களின் குறிப்புகளைத் திரட்டி 2015ஆம் ஆண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். புல்டாக், லாப்ரடார், பாக்ஸர், டாபர்மேன் ஆகிய இனங்களே அவற்றுள் மிகுதி. கலப்பின நாய்களும் இருந்தன. நடுக்கம் தொடங்கும் வயது பெரும்பாலும் இரண்டை ஒட்டியே இருந்தது. பாதி நாய்கள் ‘இல்லை’ என்பது போலப் பக்கவாட்டில் ஆட்டின, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ‘ஆம்’ என்பது போல மேலும் கீழும் ஆட்டின, எஞ்சியவை சுழற்றின. பெரும்பான்மை நாய்களுக்கு அந்நேரத்திலும் உணர்வு தெளிவாகவே இருந்தது. கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் நடுக்கம் அடங்கிவிடுகிறது என்று 87 விழுக்காட்டு உரிமையாளர்கள் தெரிவித்திருக்கிறார்கள். வலிப்பு வந்த நாயை அழைத்து நிறுத்த முடியாது. இதை ஒரு துண்டு இட்டிலியால் நிறுத்தலாம். வலிப்புக்குத் தரும் மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. சில நாய்களுக்குத் தானாகவே நின்றுபோகும், சிலவற்றுக்கு வந்துபோய்க்கொண்டிருக்கும்.

மூளையைப் படம் எடுத்துப் பார்க்கலாமா என்று பெரியவர் கேட்டார். எடுக்கலாம், அதற்கு நாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும், வேறு குறி எதுவும் இல்லாத நாய்க்குப் படத்திலும் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. தள்ளாட்டம், தலை ஒரு பக்கமாகச் சாய்தல், வட்டமிட்டு நடத்தல், உணர்விழத்தல், உணவை மறுத்தல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள், அதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கறுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, “இருக்கட்டும் அம்மா. ரெண்டு விரல் நுழையற மாதிரி தளர்த்திக் கட்டுங்க” என்றார். அம்மையாருக்கு அந்த மருத்துவரிடம் அப்பொழுதுதான் முழு நம்பிக்கை பிறந்தது.

காரணம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்வது முதியவர்களுக்கு எளிதன்று. அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் சொல்லிப் பழக்கம். திரும்பி வரும் வழியில் பூந்தமல்லி வரை அம்மையார் பேசவேயில்லை. பின்னர் ஒவ்வொன்றாகக் கேட்கலானார். குட்டியாக இருந்தபோது திண்ணையில் விட்டோமே, பனி தாக்கியிருக்குமோ? அன்று அமாவாசைச் சாதத்தைக் காகத்துக்கு முன்பு இது தின்றுவிட்டதே, அதனாலோ? மகன் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த ஏக்கமோ? போன பிறவியில் அது செய்ததா, இந்தப் பிறவியில் நாம் செய்ததா?

பெரியவர் விடை ஏதும் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, “எங்க அம்மாவுக்கு இருந்துதே” என்றார்.

அவருடைய தாயார் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் அவருடைய தலை ஓயாமல் மெல்ல ஆடிக்கொண்டேயிருந்தது. வைரத்தோடு விளக்கொளியில் இடைவிடாமல் மின்னும். ‘வேண்டாம்’ என்று சொல்வது போலவே இருக்குமாதலால், பந்தியில் பரிமாறுவோர் ஏமாந்து இலையைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் “பாட்டிக்குப் போடுங்க, அவங்க வேணாம்னு சொல்லலை” என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்; பாட்டியும் சிரிப்பார். நாராயணீயம் படிக்கும்போது புத்தகத்தை நேரே பிடித்துக்கொண்டு, ஆடும் தலையோடே ஒரு எழுத்துப் பிழையின்றிப் படித்து முடிப்பார். முதுமையில் பலருக்கும் வரும் இந்த நடுக்கம் குடும்ப வழியாகவும் தொடர்வதுண்டு. நடுக்குவாதம் என்று நாம் அஞ்சும் பார்க்கின்சன் நோயிலிருந்து இது வேறு என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. மருமகளாக அந்தப் பதினைந்து ஆண்டும் பாட்டிக்குக் காபித் தம்ளரை அரையளவே நிரப்பிக் கொடுத்தவர் இந்த அம்மையார்தான். அப்பொழுது எவரும் காரணம் கேட்கவில்லை. எந்தப் பாவம் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

பாட்டியின் நடுக்கமும் மணியின் நடுக்கமும் ஒரே நோய் என்று கொள்ளலாகாது. மருத்துவமும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் அம்மையாரின் கேள்விகள் அன்றோடு நின்றுவிட்டன.

திருவண்ணாமலை இரமணாசிரமத்துக்குச் சென்றவர்கள் அங்கே பசு இலட்சுமியின் சமாதியை வணங்கியிருப்பார்கள். அதனருகே மான் ஒன்றுக்கும் காகம் ஒன்றுக்கும் ஜாக்கி என்னும் நாய்க்கும் சிறு சமாதிகள் இருப்பதைச் சிலரே நின்று பார்த்திருப்பார்கள். பகவான் எந்தப் பிராணியையும் ‘அது’ என்று சுட்டியதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிடுவார். ‘பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆயிற்றா?’ என்று அவர் கேட்டால் அது நாய்களைக் குறிக்கும் என்பது ஆசிரமத்தார் அனைவருக்கும் தெரியும். ஜாக்கி நோயுற்றபோது மெத்தென்ற படுக்கை அமைக்கச் செய்தார். நாளாக நாளாக அதன் உடலில் துர்நாற்றம் வீசத் தொடங்கியது. மற்றவர்கள் விலகினர், பகவான் அதை மார்போடு அணைத்துத் தடவிக்கொடுத்தார். அவர் கையிலேயே அதன் உயிர் அடங்கிற்று. அந்த நோய் எதனால் வந்தது என்று அவர் விசாரித்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னவர் அவர்!

தருமபுத்திரர் தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத் தேரில் ஏற மறுத்த கதை தெரியாதவர் இருக்க முடியாது. அந்த நாய் இமயம் வரையில் தன் காலால் நடந்து வந்த நாய். நோயுற்றதென்று வியாசர் கூறவில்லை. உடல் நலமுள்ள நாயையே கைவிட மாட்டேன் என்றார் தருமர். தலையாடும் நாயை அரக்கோணத்துக்கு அப்பால் இறக்கிவிடச் சொன்ன அண்டை வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் பாரதக் கூத்தைக் கண்விழித்துப் பார்ப்பவர்தான்.

வேப்பேரியிலிருந்து திரும்பிய மறுநாள் பெரியவர் ஒரு பதிவேடு தொடங்கினார். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு நேரம் குறித்துக் குறித்துப் பழகிய கை. பழைய நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டுத் தேதி, வருகை, புறப்பாடு, தாமதம், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள் வகுத்தார். நடுக்கம் தொடங்கிய நேரம் வருகை. நின்ற நேரம் புறப்பாடு. தாமதம் என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை, பழக்கத்தால் போட்டுவிட்டார். குறிப்பு என்ற இடத்தில், படுத்திருந்தது, கூப்பிட்டதும் நிற்கவில்லை, இட்டிலி காட்டியதும் நின்றது, முந்தின இரவு வெடிச் சத்தம், இவ்வாறு வரிகள் நீள்கின்றன. மருத்துவர்கள் விரும்பிக் கேட்பதும் இத்தகைய பதிவையே. ஓராண்டுப் பக்கங்களைப் புரட்டினால் சில விஷயங்கள் புலப்படுகின்றன. தூக்கம் கெட்ட நாளுக்கு மறுநாள் நடுக்கம் சற்று மிகுதி. மார்கழியில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனியில் பதினொரு முறை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அம்மையார் அதைத் தாமே எண்ணிப் பார்த்தார்.

நடுக்கம் வரும்போது செய்ய வேண்டியவை மிகக் குறைவு. அருகில் போய் உட்கார வேண்டும். தலையைக் கையால் இறுகப் பிடித்து நிறுத்த முயலக் கூடாது. உரத்த குரலில் பதறக் கூடாது, ஏனெனில் நாய்க்கு நடுக்கத்தால் வராத பயம் நம் பதற்றத்தால் வந்துவிடும். இட்டிலித் துண்டோ சப்பாத்தித் துண்டோ முகத்துக்கு நேரே நீட்டினால் போதும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றே மருத்துவர் எச்சரித்திருந்தார். அம்மையார் இட்டிலித் துண்டை நீட்டிக்கொண்டே “தணிகைவேலா” என்பார். சூரனை வென்ற சினம் தணிந்த இடம் என்பதாலேயே அம்மலைக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். இட்டிலியால் தணிகிறதா வேலனால் தணிகிறதா என்று பெரியவர் கேட்டதில்லை. பதிவேட்டில் இட்டிலி மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் இரவு திருத்தணிகையில் படித் திருவிழா நடைபெறும். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுவர். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். அந்த முதியவர் இருவரும் திருமணமான நாள் தொட்டு அதைத் தவறவிட்டதில்லை. முழங்கால் வலி வந்தபின் படி ஏறுவதை விட்டு மேலே வாகனத்தில் போய்ச் சேர்ந்து, விடியும் வரை பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று. மணிக்கு நடுக்கம் வந்த ஆண்டில் போகவில்லை. அடுத்த ஆண்டும் போவதற்கில்லை என்றே இருந்தனர். தெருவில் எவரிடமும் ஓர் இரவுக்கு விட்டுச் செல்ல வாய் வரவில்லை.

அந்த மார்கழியில் ஒரு மாலை எதிர்வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு படிப்பவன், வாசலில் வந்து நின்றான். மணி வாலாட்டியது. “தாத்தா, மணிக்கு இப்ப தலை ஆடறது இல்லியா?” என்றான். அவன் ஓராண்டாகத் தன் வீட்டுச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பெரியவர் அவனை உள்ளே அழைத்துப் பதிவேட்டைக் காட்டினார். ஐந்து கட்டங்களையும் அவன் ஆவலோடு படித்தான். தாமதம் என்ற கட்டம் எதற்கு என்று கேட்டான். பெரியவர் சிரித்துவிட்டார்.

பையனின் பாட்டி மறுநாள் தாமே வந்தார். “அக்கா, நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. மணியை நாங்க பாத்துக்கறோம்” என்றார். பழைய பேச்சை எவரும் எடுக்கவில்லை. அம்மையார் ஏனத்தில் இட்டிலியும் ஒரு தாளில் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணும் வைத்துக் கொடுத்தார். கற்பூரத்தையும் திராட்சையையும் பற்றி இருமுறை சொன்னார்.

மார்கழிதானே, வராது என்றுதான் பெரியவர் எண்ணினார். ஜனவரி முதல் நாள் காலை திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தபோது ஒரு புதிய வரி இருந்தது. சிறுவனின் கையெழுத்து, கோட்டுக்கு வெளியே சற்று ஓடியிருந்தது. வருகை இரவு 9.40. புறப்பாடு 9.43. குறிப்பு: இட்லி காட்டினேன், நின்றது, பயப்படவில்லை. தாமதம் என்ற கட்டத்தில், ரயில்வே முறைப்படியே, ‘இல்லை’ என்று எழுதியிருந்தான்.